கல்யாணப் பெண்ணிடம் கேட்டவர்

பச்சையம்மாள் அக்கா போன அன்று முகூர்த்த நாள். தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்துக்கு அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அக்காவின் மகன் அழைத்தான். "மாமா, அம்மா பூட்டாங்க" என்றான். காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தவர், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டதாம். பந்தி முடியாமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. கல்யாண வேலையில் இருக்கிற நம்மில் பாதிப் பேருக்கு அன்று இதே கதிதான். சமையல்காரர், மைக் செட்டுக்காரர், பூக்காரர் எல்லோரும் வேலையை முடித்து, சட்டையில் சந்தனக் கறையோடு கச்சிராயபாளையத்தில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். யாரோ ஒருவர் கையில் தாம்பூலப் பைகூட இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தவித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவனுக்கு எழுத்தும் அவ்வளவாக வராது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நம் வட்டாரத்தில் கல்யாணத்துக்கு இனிப்பு செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அக்கா மட்டும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆர்டர் சொல்ல வந்தவர்களிடம், "பந்திக்கு லட்டா, பாதுஷாவா, அது உங்க இஷ்டம். ரிசப்ஷனுக்கு ஒரு இனிப்பு மட்டும் பொண்ணு இஷ்டம்" என்பார். அந்தப் பெண்ணை நேரில் போய்ப் பார்ப்பார். பெரியவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டு, "உனக்கு இன்னா மிட்டாய் புடிக்கும், சொல்லு" என்று கேட்பார். கேட்காமல் அடுப்பு பற்றவைத்ததே இல்லை. புடவையைக்கூட அத்தைமார்கள் எடுத்துக் கொடுக்கிற ஊரில், கல்யாணப் பெண்ணை ஒருத்தர் தேடி வந்து கேட்பது அந்த ஒரு கேள்வியாகத்தான் இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் சவ்வு மிட்டாய் என்றாள். நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ரோஸ் கலரில் பாகைக் காய்ச்சி, மூங்கில் கழியில் சுற்றி எடுத்து வந்து, மேடைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் கையிலெல்லாம் மிட்டாயில் கடிகாரம் கட்டிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா ரொம்ப விறைப்பான மனிதர். அவருக்குக் கட்டிய கடிகாரம் பட்டுச் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவர் கோபப்படுவார் என்று பயந்தோம். ஆனால் மனிதர் யாருக்கும் தெரியாமல் அதை நக்கிக்கொண்டிருந்தார். கரியாலூர்ப் பக்கம் அக்கா பிறந்த மலையில் ஒரு பெண் கேட்டது வேறு. தினை மாவைத் தேன் விட்டுப் பிசைந்து, பலாச்சுளையை இடையில் வைத்து, அடுக்கடுக்காக ஏற்றி கேக் மாதிரியே வெட்ட வைத்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அக்கா. நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு பெண். பெயரை மாற்றிச் சொல்கிறேன், சங்கீதா என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுத அவளிடம் கேட்டுக்கொண்டேன். அப்பா, அம்மா இருவரும் கரும்பு வெட்டுகிறவர்கள், கோமுகி அணைப் பக்கத்துக் கிராமம். பாத்திரத்துக்கு என்னிடம்தான் சொல்லியிருந்தார்கள் என்பதால் நானும் அக்காவோடு போயிருந்தேன். நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே, "பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சுங்க" என்றார் அப்பா. அக்கா உள்ளே போனார். சங்கீதாவுக்குத் தேன் மிட்டாய் பிடிக்குமாம். சொன்னவள் அதோடு நிறுத்தவில்லை. "அக்கா, எங்க ஒம்பதாவது பொண்ணுங்களுக்கும் சேத்து செய்வீங்களா? பக்கத்து பெஞ்சு பொண்ணுக்கு மட்டும் ஜாஸ்தியா குடுக்கணும்" என்றிருக்கிறாள்.

வெளியே வந்த அக்காவின் முகம் மாறியிருந்தது. "ஏங்க, வயசு கேட்டா இன்னா சொல்லணும்னு கத்துக்குடுத்துட்டீங்க. மிட்டாய் கேட்டா இன்னா சொல்லணும்னு கத்துக்குடுக்கலியே" என்றார்.

அந்த மனிதர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. "கரும்பு வெட்டப் போனா திரும்பி வர மாசக் கணக்காவும். அவ அம்மாளும் எங்கூடதான் வர்றா. வயசுக்கு வந்த பொண்ண யாரை நம்பி இந்தக் குடிசையில வுட்டுட்டுப் போறது? நீங்க பாத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

"பாத்துக்கறேன். எங்க வூட்டுல கொண்டாந்து வுடு" என்றார் அக்கா. கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர்கள் வேறு ஆளை வைத்து இனிப்பு செய்தார்கள். அக்கா அதிகாரிகளிடம் சொன்னார். பந்தல் போட்ட பிறகு ஜீப் வந்தது, கல்யாணம் நின்றது. யார் சொன்னது என்று ஊர் தேடியபோது, "நான்தான் சொன்னேன்" என்று அக்கா நடுத்தெருவில் நின்று சொன்னார். கரும்பு சீசன் தொடங்கியதும் அந்த அப்பா, பள்ளிக்கூடப் பையோடு பெண்ணைக் கொண்டுவந்து அக்காவின் வாசலில் விட்டார். "நிறுத்துனது நீ. நீயே வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

சங்கீதா அந்த வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். லட்டு பிடிக்க ஆசையாகக் கிட்டே வந்தால், "உன்னைய எவ கூப்ட்டா? போய் படி" என்று அக்கா விரட்டுவார். அடுத்த சீசனுக்கும் அவளுடைய அப்பாவே கொண்டுவந்து விட்டார். அந்தத் தடவை டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்குள் ஊர் அக்காவுக்கு ஒரு பட்டம் கட்டியிருந்தது. "அந்தம்மா கால் வச்சா கல்யாணம் நிக்கும்." மங்கல காரியத்தில் பிழைக்கிறவருக்கு இதைவிடக் கொடுமை வேண்டுமா? ஆர்டர்கள் கம்மியாகி, பிறகு நின்றே போயின. என்னிடம் பாத்திரம் சொல்ல வருகிறவர்கள், "அந்தம்மா வருதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்ச நாளைக்குப் பொண்ணுங்களப் போய் பாக்காம இருங்களேன், அக்கா" என்றேன். "பொண்ணக் கேக்காம செஞ்சா அது யார் கல்யாணம்?" என்றார். நானும் விடவில்லை. உங்களுக்குச் சின்ன வயதில் கல்யாணம் ஆகிவிட்டதா, அதனால்தானா இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். வாணலியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு நடந்திருந்தாதான் எனக்குக் கோவம் வரணுமா? ஏம்ப்பா, உனக்கு வரலியா?"

பத்தாவது பரீட்சை முடிந்ததும் சங்கீதாவை அவள் அப்பா வந்து கூட்டிப் போனார். லீவு முடிந்தும் அவள் வரவில்லை. எங்கேயோ ஒரு கோயிலில், அதே மாப்பிள்ளைக்கே கட்டிவைத்துவிட்டார்கள். மணலூர்பேட்டைப் பக்கம் புருஷன் வீடு. அக்கா மறுபடியும் அதிகாரிகளிடம் ஓடினார், நானும் கூடப் போனேன். அவர்கள் வந்து விசாரித்தபோது சங்கீதாவே, "எனக்குக் கல்யாணமே ஆவலீங்க, அத்தை வூட்டுக்கு சும்மா வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். தாலி அவள் கழுத்தில் இல்லை, எங்கே கழற்றி வைத்தார்களோ. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஒன்றுதான் சொன்னார். "இந்தத் தடவ நல்லா கத்துக்குடுத்துட்டாங்க."

பத்தாவதாவது முடித்தாளே என்று நான் ஆரம்பித்தேன். "தள்ளித்தான் போட்டேன், நிறுத்தல. நீ சமாதானம் சொல்லாத" என்றார். அவரைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

வருடங்கள் போனதும் ஊர் மறந்தது. ஆர்டர்கள் திரும்பி வந்தன. நீங்கள் பாராட்டுகிற இனிப்புகளில் பலதும் அதற்குப் பிறகு செய்தவைதான். அக்காவும் மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அன்று அக்காவை எடுப்பதற்கு முன்னால் ஒரு பெண் வந்து அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, நம்மில் பலர் உறவுக்காரி என்று நினைத்தோமே, அவள்தான் சங்கீதா. பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண் பிள்ளை. அவளுடைய மகள், எட்டாவது படிக்கிறாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு சங்கீதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடத்திலிருந்து, ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கிற வாரத்தில் அக்கா அவள் புருஷன் வீட்டுக்குப் போய் வாசலில் நிற்பாராம். பிள்ளை படிக்கிறாளா என்று மாமியாரிடம் கேட்பாராம். அவர்கள் உட்காரச் சொன்னதில்லை, தண்ணீர் கொடுத்ததில்லை. ஒரு வருடம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அடுத்த வருடமும் போயிருக்கிறார். இதை நம் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"பாப்பா வயசுக்கு வந்துட்டா, அண்ணா. அவ மாமன் வூட்டுல கல்யாணப் பேச்ச எடுத்துட்டாங்க. எம் பேச்சு எம் மாமியார் வூட்டுல எடுபடாது. அக்கா வந்து வாசல்ல நின்னா கொஞ்சம் யோசிப்பாங்க" என்றாள். பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டு, "இனிமே யாருங்க வருவாங்க?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுடைய ருசியை அவருடைய மகன் வைத்துக்கொள்ளட்டும், அவனுக்குக் கைவருகிறது. என்னிடம் மிஞ்சியிருப்பது சங்கீதாவின் அந்தக் கேள்வி. பள்ளிக்கூடம் திறந்ததும் மணலூர்பேட்டைக்குப் போகிறேன். அக்கா ஒவ்வொரு வருடமும் தனியாகவே போனார். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. உங்களில் யாராவது ஒருவர் என்னோடு வாருங்கள்.