நீலப் பருத்திச் சேலை

புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றில் நடக்கும் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே ஜரிகைச் சேலை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கைத்தறிப் பருத்தி. பலமுறை துவைத்ததுபோல் மங்கியிருந்தால்தான் விலை அதிகம். காரில் வந்து இறங்கும் பெண்கள் அதைத்தான் தேடி எடுப்பார்கள். பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த ருசி ஒட்டிக்கொண்டது.

சித்தி மகளுக்குப் பெரம்பலூரில் கல்யாணம். பாடாலூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, எங்கள் கடையில் தள்ளுபடியில் வாங்கிய நீலப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டி, கல்யாணத்துக்குப் போறியா, களை வெட்டப் போறியா?"

"இதான்மா இப்ப ஸ்டைலு. பெரிய வூட்டுக்காரங்க கட்டுறது."

அம்மா வயலில் கூலிக்குப் போனவள். நிலத்துக்காரர் வீட்டில் கட்டிக் கழித்த பருத்திச் சேலைகளைத்தான் நெடுங்காலம் உடுத்தினாள். நான் சம்பாதிக்கத் தொடங்கியதும், பளபளவென்று கல் வைத்த ரோஸ் கலர் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றும் அதுதான்.

மண்டபத்தில் ஒரு பந்தி எழுந்துகொண்டிருந்தது. இடம் பார்த்து நின்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"இந்தாம்மா, இலையெல்லாம் எடுத்துட்டு டேபிளத் தொடைச்சிடு."

சுற்றிப் பார்த்தேன். சற்றுத் தள்ளி, இன்னும் எழாத வரிசையில், எங்கள் ஊர் நிலத்துக்காரர் வீட்டு மருமகள் உட்கார்ந்திருந்தார். அவர் கட்டியிருந்ததும் ஏறக்குறைய இதே நீலம். கழுத்தில் கெட்டிச் சங்கிலி. அவருக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினார்கள்.

அம்மா வேகமாக வந்தாள். "அது எம் பொண்ணுங்க. கல்யாணப் பொண்ணுக்கு அக்கா முறை!"

"அய்யோ, தெரியாம சொல்லிட்டேங்க" என்றாள் அந்தப் பெண். அவள் முகம் நிஜமாகவே சுருங்கிவிட்டது.

கை கழுவும் இடத்தில் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அந்தம்மா எதைக் கட்டுனாலும் அந்தம்மாதான். நமக்கு அப்படி இல்லடி."

ஊர் திரும்பும் பஸ்ஸில் வேறொன்று உறுத்தியது. எத்தனையோ கல்யாணங்களில் இலை எடுக்கப் போனவள் அம்மா. அதே வேலையை என்னிடம் சொன்னதற்கு எனக்கு ஏன் அவ்வளவு கூசியது? அம்மாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் அவளே பெரம்பலூர் கூட்டிப்போய், கிளிப்பச்சையில் கல் பதித்த சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கடைக்கு அதைக் கட்ட முடியாது. புதுச்சேரியில் லீவு நாளில் கட்டிக்கொண்டு வெளியே போகிறேன். வெயிலில் கற்கள் மின்னுகின்றன. எங்கள் கடைக்கு வரும் பெண்கள் சிலர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கட்டுகிறேன்.