கிரகண வெளிச்சத்தில் ஒரு குரல்

"கிரகண நேரம் வாசலுக்குக்கூடப் போகப்படாது. நீ வானத்துக்கே போறியோ?" என்று அம்மா கேட்டா. நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

சுகந்தியும் பர்சானாவும் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவருக்கும் வெளிநாட்டுப் பயணம் சரிவந்திருந்த நேரம் அது. போக முதல், சூரிய கிரகணத்தன்று மூன்று பேரும் விமானத்திலிருந்து பரசூட்டில் குதிக்க வேண்டும் என்று சுகந்திதான் பிடிவாதமாக நின்றாள்.

ஆளுக்கொரு பயிற்றுநரோடு எங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். குதித்ததும் நான் கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். காற்று காதைக் கிழித்தது. பிறகு பரசூட் விரிந்து ஒரு குலுக்கல். அதோடு சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தால், காலை நேரத்தில் பின்னேர வெளிச்சம். கீழே திருகோணமலைத் துறைமுகம் ஈயம் பூசினது போலக் கிடந்தது. வெயிலில் சூடே இல்லை.

அப்போது இடப்பக்கமிருந்து சுகந்தியின் குரல் வந்தது.

"அடியே, உயிரோட இருக்கிறியா?"

"ஓம், இருக்கிறன்" என்று கத்தினேன். அதைக் கேட்டு பர்சானா தூரத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் சூரியனைப் பார்க்கவே மறந்துபோனேன்.

இப்போது சுகந்தி கனடாவில், பர்சானா கட்டாரில். பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவார்கள். நானும் அனுப்புவேன். ஆனால் உடுப்புக் காயப்போடும்போது முகில் மூடி வெயில் மங்கினால், என் கை தானாக நின்றுவிடுகிறது. பக்கத்தில் ஆட்கள் இல்லையென்று பார்த்துவிட்டு, "ஓம், இருக்கிறன்" என்று மேலே பார்த்து மெல்லச் சொல்லுவேன்.