ஆயிரத்து எழுநூற்றைம்பதுக்கு மேல்

கல்லூரி வேதியியல் கூடத்தில் முப்பத்தோரு வருடம் மருந்து அளந்து கொடுத்த மனிதரை மாணவர்கள் 'மில்லி' என்று கூப்பிட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குடுவையில் அரை மில்லி கூடிவிட்டாலும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளப்பார். ஓய்வு பெற்றபோது, இனி அளப்பதற்கு எதுவும் இல்லாமல் மனிதர் ஏங்கிப் போய்விடுவாரோ என்று அவர் மனைவிக்கு உள்ளுக்குள் கவலை இருந்தது. அந்தக் கவலையைக் கார் தீர்த்து வைத்தது. தீர்த்து வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தது.

பார்ப்பவர்களுக்கு அது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டீசல் கார், அவ்வளவுதான். மில்லியைக் கேட்டால் கதையே வேறு. நான்கு சிலிண்டர், ஆயிரத்து ஐந்நூறு சி.சி.க்கு ஒரு முடி கீழே, டர்போ. என்ஜின் ஆயில் நாலரை லிட்டர், அதுவும் எரிந்தால் சாம்பல் அதிகம் விடாத ரகம் மட்டும். பதினைந்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் இத்தனையும் ஒப்பித்து விடுவார். சொந்த ரத்த வகையை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை தப்பாகச் சொன்ன ஆள், இந்தக் கணக்கில் மட்டும் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

எல்லா எண்களிலும் அவருக்குச் செல்லமானது ஆயிரத்து எழுநூற்றைம்பது. நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போதே இந்த என்ஜினுக்கு முழு இழுவையும் வந்துவிடும் என்று கையேட்டில் போட்டிருந்தது. முழு இழுவையும் அங்கேயே கிடைக்கிறது என்றால் அதற்கு மேல் என்ஜினை எதற்கு விரட்ட வேண்டும்? மில்லி விரட்டவே மாட்டார். சைக்கிள்காரர்கள் அவரை மணியடித்து முந்திக்கொண்டு போவார்கள்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தலையெழுத்து அவர் மனைவிக்கு. அவள் பதினெட்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். இருபத்திரண்டு பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட, கை நுழையாத சந்துகளில் வேனை ரிவர்ஸ் எடுத்தவள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்கே பிள்ளைகள் பிறந்த பிறகும் தெருவில் அவளுக்குப் பெயர் வேனக்காதான். அவளைப் பொறுத்தவரை வண்டி ஓட்டுவதற்காக இருக்கிறது. மில்லியைப் பொறுத்தவரை வண்டி நன்றாக இருப்பதற்காக இருக்கிறது.

வீட்டு வாசலில் வந்து நின்றதும் என்ஜினை அணைக்க மாட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே ஓட விடுவார்.

"டர்போ சூடா இருக்கும்மா. ஆறட்டும்."

"முக்குக் கடைக்குப் போய் தக்காளி வாங்கிட்டு வந்ததுல என்னங்க சூடு? நடந்து போயிருந்தா எனக்காவது சூடு ஏறியிருக்கும்."

அவர் சிரிப்பார். நிமிடம் முடிந்த பிறகே சாவியைத் திருப்புவார். அவளும் திட்டிக்கொண்டே அந்த ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பாள். கதவைத் திறந்து இறங்கிப் போக யார் தடுத்தார்கள்? ஆனாலும் இறங்க மாட்டாள். அவரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

பதினாலு மாதத்துக்கு முன்பு வேனக்காவின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். நெடுஞ்சாலையில் நூற்று முப்பத்தோரு கிலோமீட்டர். மில்லி அளந்து வைத்த தூரம் அது. திரும்பி வரும் வழியில் அவளுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் இருந்தது. எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார். அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்தாள், தேறினாள். ஆறாவது மாதம் டாக்டர், "நீங்க பழையபடி எல்லாம் செய்யலாம். வண்டிகூட ஓட்டலாம்" என்றார். மில்லி பக்கத்தில்தான் இருந்தார், தலையையும் ஆட்டினார். ஆனால் கார்ச் சாவி அவருடைய சட்டைப்பையை விட்டு வரவில்லை, காரும் ஊர் எல்லையில் இருந்த சுங்கச்சாவடியைத் தாண்டவில்லை. காய்கறிக் கடை, மருந்துக் கடை, நூலகம், டாக்டர் வீடு. எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள். ஆஸ்பத்திரி எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும் அவருக்கு.

இந்த நிலைமையில் அக்கா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவளுடைய மகன் வந்து, வருகிற சனிக்கிழமை அவளைத் தன்னோடு வெளிநாட்டுக்கே கூட்டிப்போவதாக முடிவாகிவிட்டது. அந்த வயதில், அந்த உடம்போடு போகிறவள் திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். போவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வேனக்கா மூன்று முறை கேட்டாள். முதல் முறை, "வெயில் குறையட்டும்" என்றார். இரண்டாவது முறை டயரைக் காரணம் காட்டினார். மூன்றாவது முறை, "தினமும்தான் போன்ல முகத்தப் பாக்கறியே" என்றார்.

"போன்ல கையப் புடிக்க முடியுமாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். பேருந்தில் தனியாகப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். போனால் அவள் திரும்பி வரும்வரை இந்த மனிதர் சோறு தண்ணீர் இல்லாமல் வாசலிலேயே நிற்பார் என்று தெரிந்ததால் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ஜின் ஆயில் பார்ப்பது மில்லியின் வழக்கம். அளவுக்கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பார். அன்றைக்கு முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"போன மாசத்த விட அஞ்சு மில்லிமீட்டர் கூடியிருக்கு! ஊரெல்லாம் என்ஜின் ஆயில் குடிக்குதுன்னு அழறாங்க. நம்மளுது சேத்து வெச்சிருக்கு பாரு!"

"ஊத்தாம எப்படிங்க கூடும்? அது என்ன, பசு மாடா?"

மில்லி அதற்குக் காது கொடுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கூட்டல் குறி போட்டு ஐந்து என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். மறுநாள் கடைக்குப் போகும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த முகப்புப் பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது.

இருவரும் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அதை நடத்துகிறவளுக்கு ஊரில் ஸ்பேனர் என்று பெயர். கையில் மட்டுமல்ல, நாக்கிலும் வைத்திருந்தாள். அளவுக்கம்பியை உருவி முகர்ந்து பார்த்தவள் மில்லியின் மூக்கருகே நீட்டினாள்.

"என்ன வாசம் சார்?"

நாற்பது வகை திரவத்தை மூக்காலேயே பிரித்துச் சொன்ன மனிதர் இரண்டு தடவை முகர்ந்தார். பிறகு மெதுவாக, "டீசல்" என்றார்.

"டீசலேதான். புகை போற வழியில கரியப் புடிச்சு வெக்க ஒரு வடிகட்டி இருக்கு சார். அது ரொம்புனா என்ஜின் கொஞ்சம் டீசல அதிகமா விட்டு அந்தக் கரிய எரிச்சுக்கும். அதுக்கு வண்டி சூடாகி வேகமா ஓடணும். நீங்க ரெண்டு கிலோமீட்டர் உருட்டிட்டு வந்து ஆஃப் பண்ணிடறீங்க. எரியாத டீசல் பூரா ஆயில்ல எறங்கிடுச்சு. வேற ஒரு கோளாறும் இல்ல சார். உங்க அக்கறைதான் இதுக்கு வியாதி."

"கையேட்டுல அந்தப் பக்கமும் படிச்சேன்," என்றார் மில்லி. "தேவைப்பட்டால் நெடுஞ்சாலையில் ஓட்டவும்னு போட்டிருந்தது. நம்ம வண்டிக்கு அப்படி ஒரு தேவை வராதுன்னு நெனச்சேன்."

வேனக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அதை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் போல அவர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பேனர் ஆயிலை மாற்றினாள். மருந்துச் சீட்டு எழுதுகிறவள் மாதிரி விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். "ஹைவேல ஏறுங்க. நாலாவது கியர். ரெண்டாயிரத்து ஐந்நூறு சுத்துக்குக் கீழ எறங்கக் கூடாது. அரை மணி நேரம். லைட் தானா அணையும். அணையலன்னா வடிகட்டியக் கழட்டி வெளியூருக்கு அனுப்பணும். வண்டி இங்கதான் கெடக்கும், மாசக் கணக்கு ஆகும்."

புதன்கிழமை காலை மில்லி தனியாகப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"எதுவரைக்கும் போனீங்க?"

"டோல்கேட் வரைக்கும்."

"அப்புறம்?"

"திரும்பிட்டேன்."

இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாலையைப் பார்த்துப் பயந்து வண்டியைத் திருப்பியிருக்கிறார். அவளுக்கு வந்த வலி பதினாலு மாதத்துக்கு முன்பே போய்விட்டது. அவருக்கு வந்தது இன்னும் போகவில்லை.

விஷயத்தைப் போனில் கேட்ட ஸ்பேனர் ஒரே வார்த்தையில் முடித்தாள். "வேனக்காவ ஓட்டச் சொல்லுங்க சார்."

வியாழக்கிழமை காலை சாவி கைமாறியது. மில்லி ஒரு பை நிறைய மாத்திரை, தண்ணீர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வழியில் உள்ள ஆஸ்பத்திரிகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் எடுத்துக்கொண்டார்.

"அரை மணி நேரம். லைட் அணைஞ்சதும் அடுத்த திருப்பத்துல திரும்பிடணும். சரியா?"

"சரிங்க."

அக்கா வீடு அதே சாலையில்தான். அணைந்தாலும் நிறுத்தாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. பக்கத்தில் பட்டியலைப் பிடித்திருந்த அவருடைய கையைப் பார்த்தாள். விரல் முதல் ஆஸ்பத்திரியின் பெயர்மேல் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

சுங்கச்சாவடியைத் தாண்டியதும் நாலாவது கியரில் காலை அழுத்தினாள். முள் இரண்டாயிரத்தைத் தாண்டி, இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டி நின்றது. மில்லி தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். வேனக்காவுக்கோ உடம்பெல்லாம் சந்தோஷம். ஜன்னலில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. இந்த என்ஜினுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதையே மறந்து போயிருந்தாள்.

இருபது நிமிடம் போனது. ஒரு பெட்ரோல் பங்க் கடந்து போனபோது அவர், "இங்கதான்" என்றார்.

"தெரியும்."

"நீ கண்ண மூடிட்டே."

"சத்தம் கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. வண்டி கத்துச்சு."

"நாலாயிரத்து எரநூறு," என்றார் மில்லி. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முள்ளு சிவப்புக்குப் பக்கத்துல நின்னுச்சு. இந்த என்ஜின் வெடிச்சாலும் வெடிக்கட்டும், ஆஸ்பத்திரி வாசல்ல வெடிக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

முப்பத்து நான்கு வருடத்தில் அவர் அவளிடம் அன்பாக ஒரு வார்த்தை நீட்டி முழக்கிப் பேசியதில்லை. இதைக் கேட்ட பிறகு அவளுக்கு இன்னொன்று தேவைப்படவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை எடுத்தால் பயந்துவிடுவார் என்று அப்படியே ஓட்டினாள்.

இருபத்தாறாவது நிமிடத்தில் முகப்பில் மஞ்சள் விளக்கு அணைந்தது. சத்தம் எதுவும் இல்லை. எரிந்துகொண்டிருந்தது, இப்போது இல்லை. ஒரு கிலோமீட்டரில் திருப்பம் என்று பலகை வந்தது. அக்காவின் முகம் நினைவில் வந்து நின்றது. வேனக்கா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் காலைத் தளர்த்தி, திரும்புவதற்கான சைகை விளக்கைப் போட்டாள்.

மில்லி சாய்ந்து முகப்பை எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் விளக்கு இருந்த இடம் இருட்டாக இருந்தது.

"இன்னும் எரியுதே," என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. நேரா போ," என்றார் மில்லி. "இது அணையறதுக்கு இன்னும் தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டராவது ஆகும்."

அங்கிருந்து அக்கா வீட்டுக்கு இருந்த தூரம் சரியாக அவ்வளவுதான்.