ரேடியேட்டருக்கு ஒரு ஜெபமாலை

எங்கள் வீட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஒரு ஜெபமாலை ஆகும். இது அப்பா வைத்த சட்டம். எப்போதோ ஒருமுறை இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு மூடியைத் திருகி, முழங்கை வரை வெந்துபோயிருந்தார். அதிலிருந்து வண்டி சூடாகி நின்றால் பானெட்டைத் தூக்கிவிட்டு, எல்லோரும் ஓரமாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகுதான் ஈரத்துணியோடு மூடிக்குப் பக்கத்தில் போவார். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, கடிகாரத்தைப் பார்த்தால் கை பரபரக்கும் என்றார். மற்றபடி பக்திக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நிற்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். ஜெபமாலையிலும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் அம்மா முதல் பாதியைச் சொல்ல, அடுத்த பாதியை முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

வண்டி என்னைவிட மூத்தது. பங்குச் சாமியார் ஒருவர் ஓட்டி அலுத்துப்போய் அப்பாவிடம் தள்ளிவிட்டது. அப்பா கள்ளக்குறிச்சியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுகிற எதுவும் நின்றுபோனால் அவருக்குப் பொறுக்காது. வண்டி சூடானால் அவர் பார்க்கிற வரிசை எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்: முதலில் ஃபேன், அப்புறம் தண்ணீர், அப்புறம் ஹோஸ், பெல்ட். சமதரையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும், மலையில் மெதுவாக ஏறும்போது ஃபேன் ஒன்றுதான் துணை என்று வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவுக்கு டீச்சர் வேலை வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில் அம்மா என்னைப் பெற்று வளர்த்து நான்காம் வகுப்புக்கே அனுப்பிவிட்டாள். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. விழுப்புரம் போய் ஆர்டரை வாங்கிப் பார்த்தால், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். தினமும் போய்வர முடியாது. வாரமெல்லாம் அங்கேயே தங்கி, சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை திரும்ப வேண்டும்.

அப்பா கடைத்தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கிளம்பும் நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. முதலில் கோயில் திருவிழா முடியட்டும் என்றார். அப்புறம் கடையில் மோட்டார் குவிந்துகிடக்கிறது என்றார். பஸ்ஸில் போகிறேன் என்று அம்மா சொன்னதற்கு, வண்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதா என்று கோபித்துக்கொண்டார். கடைசியில், அன்றைக்கு மதியத்துக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை என்கிற நாளில் நாங்கள் மூவரும் கிளம்பினோம். பின்சீட்டில் பாய், தலையணை, மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு குண்டான், நடுவில் நான்.

கோமுகி அணை வரை ஒரு தொந்தரவும் இல்லை. மலை ஏறத் தொடங்கியதும் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே போனது. மூன்றாவது வளைவோ நான்காவதோ, முள் சிவப்பைத் தொட்டு, முன்பக்கம் ஆவி கிளம்பியது. அப்பா ஓரங்கட்டினார்.

அம்மா சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். அன்றைக்கு அவள் சொன்ன வேகத்துக்கு மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும். அதைவிட ஆச்சரியம் அப்பாதான். எப்போதும் முணுமுணுக்கிறவர், ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அம்மா முடித்து எழுந்தபோது, நீளமான மாதா பிரார்த்தனையையும் சொல்லிவிடலாம் என்றார். அப்பா திருந்திவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு மூடியைத் திறந்தார். தண்ணீர் குறைந்திருந்தது. கேனில் இருந்ததை ஊற்றினார். ஹோஸை அமுக்கிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கிளம்பினோம். இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை, மறுபடியும் சிவப்பு.

மறுபடியும் ஜெபமாலை. அம்மாவின் கண் பாதி நேரம் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. காலை பஸ் எங்களுக்கு முன்பே மேலே போய்விட்டிருந்தது, அடுத்தது மதியத்துக்கு மேல்தான். தலையில் கடுக்காய் மூட்டையோடு இறங்கிவந்த ஒரு மலைக்காரப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு, கேனை வாங்கிப்போய் ஓடையில் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டாள். அம்மா பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள்.

"டீச்சருங்களா? வர்றவங்க ஒரு மாசம் நிக்க மாட்டேன்றாங்க. எங்க பசங்க பூட்டுன கதவப் பாத்துட்டு வூட்டுக்குத் திரும்பி வருதுங்க. நீங்களாவது இருங்க டீச்சர்."

அம்மாவை யாரோ டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவின் கண் கலங்கியது. அப்பா குனிந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார், ரேடியேட்டர் நிரம்பி வெளியே வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அம்மாவைப் பார்க்காமலே சொன்னார்.

"இது ஏறாது போலகீது. திரும்பிடலாம். எறக்கத்துல ஹீட் ஆவாது."

அம்மா மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கோ அதுவரை அடக்கிவைத்திருந்தது வாய்வரை வந்துவிட்டது. இரண்டு தடவையும் வரிசை தப்பியிருந்தது. பெரியவர்கள் பார்க்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

"அப்பா, நீ ஃபேனப் பாக்கவே இல்லியேப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் உள்ளே கைவிட்டு ஃப்யூஸ் டப்பாவைத் திறந்தார். ஃபேனுக்கான ஃப்யூஸ் எரிந்துபோயிருந்தது. சட்டைப்பையிலிருந்தே புதியது ஒன்றை எடுத்துச் செருகி, சாவியைத் திருப்பினார். ஃபேன் விர்ரென்று சுற்றியது. ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டிக் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லீங்க?"

"சொன்னா நீ நின்னுடுவியே. அதான் சொல்லல."

ஃபேனைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அம்மா கையெழுத்துப் போட்டாள். அப்பா பாயையும் ஸ்டவ்வையும் இறக்கிவைத்து, அவள் தங்கப்போகும் அறையின் தாழ்ப்பாளை நாலைந்து தடவை போட்டுப் பார்த்தார். பல்பு எரிகிறதா என்று பார்த்தார். அதற்குமேல் பார்க்க அந்த அறையில் எதுவும் இல்லை. நான் அழவில்லை. வண்டியைச் சரிசெய்தவள் அழலாமா?

ஒன்பது வயதில் கார் ரிப்பேரைக் கண்டுபிடித்தவள் என்று பல வருடம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அப்பா ஒருமுறைகூட மறுத்ததில்லை. "ஆமா, எம் பொண்ணுதான் பாத்துச்சு" என்பார். இப்போது நானே வண்டி ஓட்டுகிறேன். அவர் வேறு எதை மறந்தாலும் ஃபேனை மறக்கிறவர் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு இறங்கும்போது முன்சீட்டில் அம்மாவின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை. ஆனாலும் காலையில் கடைசியாக நின்ற அதே வளைவில் அப்பா வண்டியை நிறுத்தினார்.

"ஹீட்டே ஆவலியேப்பா?"

"பரவால்ல கண்ணு. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்."

அம்மா சொல்கிற முதல் பாதியை அவரே ஆரம்பித்தார். ஜெபமாலையில் இரண்டு மணிதான் தாண்டியிருக்கும், மூன்றாவதில் பாதியிலேயே நின்றுவிட்டார். முகத்தைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டார். பழக்கமில்லாதவர், மறந்துபோய்விட்டது பாவம் என்று நினைத்தேன். காலையில் வண்டியைச் சரிசெய்த தெம்பில் இதையும் நானே சரிசெய்துவிடுகிறேன் என்று, அவர் விட்ட இடத்திலிருந்து சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.