சேசி யாருதோ, ஜீப் அவனோடது

தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை ஓட்டிய பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்தேன். அதன் கதவைக் கண்டாலே என் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கானோரம் ஒதுங்கி நிற்பார். அந்தக் கதவுக்காகத்தான் வாங்கினேன். அலுமினியப் பாடி அப்படியே இருந்தது. அடியில் அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், சேசி, துருவேறி விரல் பட்டாலே உதிர்ந்தது.

என் தங்கச்சி புருஷனும் வட்டவளையில் அதே மாதிரி ஜீப் ஒன்று வாங்கினான். அவன் தரையில் படுத்து, சுத்தியலால் சேசியைத் தட்டிப் பார்த்து வாங்கியவன். பாடிதான் நசுங்கிக் கிடந்தது.

ஹட்டன் கராஜ்காரர் இரண்டையும் பார்த்தார். "வேற சேசி தேடி அலையாதீங்க. ஒங்க பாடிய அவரு சேசியில ஏத்துனா அருமையான ஜீப் ஒண்ணு வரும்."

"பாடியக் குடுங்க மச்சான், ரெண்டு பேரும் ஓட்டுவோம்," என்றான் தங்கச்சி புருஷன்.

"வண்டியோட பதிவுப் புத்தகம் யார் பேர்ல?" என்று கேட்டேன்.

"சேசி நம்பர் யாருதோ, அவங்க பேர்லதாங்க," என்றார் கராஜ்காரர்.

துரையின் கதவு அவன் பேரில் ஓடுவதா? தர முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவன் தகரத்தில் புதுப் பாடி அடித்து டயகம வரை ஓட்டுகிறான். என் ஜீப் ஷெட்டில் கிடக்கிறது. நேற்று தோட்டத்து ரோட்டில் பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டு, திரும்பிப் பார்க்காமலே கானோரம் ஒதுங்கி நின்றேன். தகர ஜீப்பில் அவன்தான் கையசைத்துவிட்டுப் போனான்.