வெயிலில் நீலம், விளக்கில் மஞ்சள்

வைரம் விற்கப் போகிறவள் கல்லை மட்டும் கொண்டுபோனால் போதாது, கொஞ்சம் வெயிலையும் மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். சேலை மூட்டையும் வளையல் பெட்டியும் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் ஏறி இறங்கியவர்களே, நீங்களாவது நான் சொல்வதை நம்புவீர்கள். நீங்கள் விற்ற சேலை சாயம் போனால் சாயக்காரனைத் திட்டுவார்கள். நான் காட்டிய கல் நிறம் மாறினால் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

வெள்ளைச் சேலை

ராஜபாளையத்தில் மில் வந்த புதுசு. கரண்டு எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. பெரிய வீட்டுப் பெண்கள் கடைப்படி ஏற மாட்டார்கள், கடை ஆட்களை உள்கட்டுக்கு விடவும் மாட்டார்கள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் நகைக்கடை முதலாளி ஒருவர், கல்லை உள்ளே கொண்டுபோய்க் காட்ட ஒரு பொம்பளையைத் தேடிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய் வருஷம் திரும்பவில்லை. எங்கள் கோயில் பாதிரியார் சொல்லி அனுப்பி, நான் போய் நின்றேன்.

அவர் என் படிப்பைக் கேட்கவில்லை, என் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலைக்காரி எதிரே வந்தால் போன காரியம் விளங்காது என்கிற ஊர் இது. சரி, இங்கேயும் ஆகாது போல என்று எனக்கு முகம் சுண்டிப்போச்சு. முந்தானையை விரிக்கச் சொன்னார். ஒரு கல்லை அதில் போட்டு, வாசல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கலர்ச் சேலைன்னா கல்லு அந்தக் கலரை வாங்கிக்கிட்டுப் பொய் சொல்லும். உன் சேலையில அது வேசம் போட முடியாது. நாளைக்கே வந்துரு, ஞானம்."

தூங்குகிற நீலம்

முதல் வேலையாக அவர் என்னிடம் ஒப்படைத்தது ஒரு ஜோடிக் கல். ஒற்றைக்கல் தோட்டுக்கு ஆனது. காலையில் கடை மாடியில் வைத்து அதைப் பார்த்தேன். மலைப்பக்கத்து வானத்தை ஒரு துளி கிள்ளி உள்ளே போட்ட மாதிரி ஒரு நீலம். பார்க்கப் பார்க்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது. காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. சாயங்காலம் விளக்கடியில் பிரித்தால், அடப்பாவி, எண்ணெய் தொட்ட மாதிரி மஞ்சள்! பதறியடித்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன்.

அவர் அசரவே இல்லை. "ஜாகர்ங்கிற சீமைச் சுரங்கத்துக் கல்லு இது, அப்படித்தான். ஒடம்புல ஒரு சொட்டு மஞ்சள் உண்டு. வெயில் பட்டா உள்ள தூங்குற நீலம் முழிச்சு மஞ்சளை மறைச்சிரும். விளக்கோ தானே மஞ்சளா எரியுது, அதுல நீலம் எங்க முழிக்கும்? இதை நீ புரிஞ்சுக்கிட்டா போதாது, வாங்குறவுகளுக்குப் புரிய வைக்கணும். அதுதான் உன் பாடு."

தேவதானத்துப் பச்சை

தேவதானத்தில் வீட்டைச் சுற்றி நடவு முடிந்த வயல். சன்னலைத் திறந்தால் பச்சை வெளிச்சம் வெள்ளமாய் உள்ளே வருகிறது. அந்த வீட்டு அம்மா நல்ல மனுஷி, இளநீர் வெட்டிக் கொடுத்து உட்கார வைத்தார். எனக்கோ கண் சொருகியது, காற்று அப்படி.

வீட்டுக்காரர் கல்லை வாங்கிச் சன்னலோரம் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கல்லில் லேசாய்ப் பச்சை ஓடியது. "ஐயா, வயலோட பச்சைதான் அது" என்றேன். மனுஷன் கேட்டால்தானே! இடுப்பு வேட்டியில் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு பொட்டலத்தை மடித்து என் கையில் கொடுத்துச் சொன்னார்: "கெணத்துல கெடந்த கல்லாம்மா இது? பாசி பிடிச்சிருக்கே!"

தளவாய்புரத்துக் கனவு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வைரம் வாங்குமுன் வீட்டில் வைத்திருந்து கனவு பார்ப்பார்கள். நல்ல கனவு வந்தால் கல் அந்த வீட்டுக்கு ஆகும், பாம்போ தீயோ வந்தால் ஆகாது. தளவாய்புரத்து அம்மா ஒருவர் அந்த ஜோடியைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கினார். நான் ஊரில் தூக்கம் வராமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பப் போனபோது அவர் முகத்தில் இன்னும் கனவு கலையவில்லை. நீலத் தண்ணீர் ஓடுகிற ஓர் ஆற்றில் முட்டளவு நின்றாராம். அள்ளினால் கை நிறைய வைரமாம். "பிறகென்ன தாயி, நல்ல சகுனம்தானே!" என்றேன். அவர் கல்லைத் திருப்பி நீட்டினார். "நல்ல கனவுதான். ஆனா எந்திரிச்சு அரிக்கேன் வெளிச்சத்துல பாத்தா இது மஞ்சளா இருக்கு. நான் கனவுல கண்ட கல்லைக் கொண்டா, வாங்கிக்கிடுதேன்."

தொங்க

அடுத்து ராஜபாளையம். வெங்கம்மா பெரிய வீட்டு அம்மா, மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். உச்சி வெயிலில் முற்றத்தில் காட்டினேன். அம்மா கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தார். மகள் கல்லைக் காதோரம் வைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள், ஆள் மட்டும் அங்கே நின்றாள். "விளக்குல மஞ்சளாத் தெரியும், பயந்துறாதீக" என்று சொல்லத்தான் செய்தேன். யார் காதில் விழுந்தது? கனவு பார்க்க மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விடிந்ததும் கடைக்கு ஆள் வந்துவிட்டது. நான் மடிக்கிற சாக்கில் கல்லை மாற்றிவிட்டேனாம். முதலாளி என்னை நம்பினார். ஆனாலும், "நான் நம்பி என்ன செய்ய, ஊரு நம்பணுமே" என்றார். வேலை போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். களவாணி என்று பேர் வாங்கின விதவையை எவள் வீட்டுக்குள் விடுவாள்? கோயிலில்கூடப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். வெங்கம்மா வீட்டில் தெலுங்குதான் பேச்சு; உள்ளே நுழைந்ததும் பெண்கள் அதில் கிசுகிசுத்தார்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கு கொஞ்சம்தான், அதில் தொங்க என்பதும் ஒன்று. திருடி என்று அர்த்தம். வெங்கம்மா தமிழிலேயே கேட்டார்: "பகல்ல காட்டினது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. எங்கேம்மா எங்க நீலக்கல்லு?"

முற்றத்தில்

"அம்மா, நான் தொட மாட்டேன். உங்க உள்ளங்கையில நீங்களே வச்சுக்கிடுங்க. விளக்கு வைக்கிற வரைக்கும் இந்த முத்தத்துல உக்காந்து பாப்போம். பொறவு நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றேன். வெங்கம்மா நம்பவில்லை, ஆனால் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். வெயில் பட்டதும் நீலம் முழித்துக்கொண்டது. மகள் வந்து உட்கார்ந்தாள். நாத்தனார் வந்தார். சமையல்காரம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

எங்கள் ஊர்களில் மேற்கே மலை. பொழுது சாயுமுன்னே வெயிலை அது விழுங்கிவிடும். சுவரில் வெயில் மெல்ல மெல்ல மேலே ஏறியது. கல்லில் நீலம் அடங்கி அடங்கித் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எதற்கு வந்தேன் என்பதே செத்த நேரம் எனக்கு மறந்துபோச்சு. அத்தனை அழகு. மகள் விளக்கேற்றிக் கொண்டுவந்து வைத்தாள். குனிந்தாள். "அம்மா! நம்ம கையிலயே மாறிருச்சும்மா!"

வெங்கம்மா உள்ளங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "என்னையப் பொண்ணு பாக்க வந்ததே விளக்கு வச்ச பொறவுதான், ஞானம். மறுநா வெயில்ல பாத்துட்டு எங்க வீட்டுக்காரக 'பொண்ணை மாத்திப்புட்டாக'ன்னு சொல்லியிருந்தா என் கதி என்னாயிருக்கும்? இந்தக் கல்லையே தோட்டுல கட்டச் சொல்லு."

அதுக்கப்புறம் எந்த வீட்டுக்குக் கல் கொண்டுபோனாலும் விளக்கு வைக்கிற வரைக்கும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததில், பாதி வீட்டில் கல்லை வாங்கினார்கள், எல்லா வீட்டிலும் ராச்சாப்பாடு போட்டார்கள்.