கல்லுக்கு எண் போட்ட கதை

பழைய கட்டடங்களை அளந்து வரையும் உத்தியோகத்தில் இருப்பவரை எந்த ஊரும் விருந்தாளியாக நினைப்பதில்லை. அளவு நாடாவைக் கண்டதுமே, இழவு சொல்ல வந்தவளைப் போலப் பார்க்கிறார்கள். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து, திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரில் இந்த வேலைக்குச் சேர்ந்தவள் நான். இதே கதிக்கு ஆளான சிலரேனும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கூடை

நாஞ்சில் நாட்டில் ஒரு நகரம். பெயரைச் சொன்னால் வழக்கு வரும். கடைத்தெரு முனையில் ஒரு கல்மண்டபம், தூண்தோறும் விளக்கேந்திய பாவை. மணக்குடியிலிருந்து மீன் சுமந்து வரும் பெண்கள் கூடையை இறக்கி இளைப்பாறுவது அங்கேதான். பஸ் திரும்ப இடைஞ்சல் என்று அதை இடிக்க நகரசபை முடிவெடுத்திருந்தது. நான் அளந்துகொண்டிருந்தபோது, ஒரு மீன்காரி பாவையின் தோளில் சும்மாட்டுத் துணியை உலரப் போட்டபடி கேட்டாள்: "விலை பேசாம எங்கூட நிக்கவ இவ ஒருத்திதான். இவளையும் துரத்துகியளா மக்கா?"

தீர்மானம்

நகரசபைக் கூட்டத்தில் பேச அனுமதி கிடைத்தது. இன்னொரு மண்டபம் கட்ட இங்கே எவருக்கும் திறமை கிடையாது, இடிக்க மட்டும் எல்லோருக்கும் உண்டு என்றேன். மூத்த உறுப்பினர் ஒருவர் கோபமே இல்லாமல் பதில் சொன்னார்: "தங்கச்சி சொல்லுகது சரிதான். ஆனா பஸ்ஸுக்குச் சரித்திரம் தெரியாதுல்லா?"

விடை

முடிவில் ஒரு சமரசம்: மண்டபத்தைக் கல்கல்லாகப் பிரித்துக் குளக்கரையில் மறுபடி நிறுத்துவது. இடம் பிசகாதிருக்க, ஒவ்வொரு கல்லிலும் சிற்பம் இல்லாத பக்கத்தில் சிவப்புச் சாயத்தால் எண் எழுதினேன். பிரிக்கும் நாளில் கொத்தனார் வெற்றிலை பாக்கு வைத்து, தேங்காய் உடைத்து, கல்லிடம் விடை கேட்டார். கல்லுக்கு ஏது காது என்று என் படிப்பு முணுமுணுத்தது; ஆனாலும் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார்: "அழாதீங்கம்மா. செத்தா போவுது? வீடு மாறுகு, அவ்வளவுதான்."

ஓடை

அந்த மழைக்காலம் முழுக்க என்னைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். திரும்பியதும் குளக்கரைக்குப் போனேன். எருமைகள் நின்றன; மண்டபம் நிற்கவில்லை. அதன் கற்கள் புதிய சாலையோரச் சாக்கடையின்மேல் மூடுகல்லாகக் கிடந்தன, என் சிவப்பு எண்கள் வானம் பார்க்க, பாவைகளின் முகம் கழிவுநீர் பார்க்க. மேலிடத்து உத்தரவு என்று கையைப் பிசைந்த கொத்தனார், என்னை எப்படியாவது ஆற்றவேண்டும் என்று நினைத்தார் போலும்: "ஒண்ணுகூட மாறல்லம்மா. உங்க நம்பர் வரிசைப்படிதான் போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க."

என் உத்தியோக காலம் முழுவதிலும், நான் எழுதியதை மதித்துப் பிசகாமல் நடந்த ஒரே மனிதர் அவர்தான்.